அப்பாவிடம் நோயின் பெயரைச் சொல்லாமலே கரண்ட் வைக்க முடியுமா?

எட்டயபுரத்தான் | செவ்வாய், இரவு 11:40

ரொம்ப நாளாக இங்கே வாசித்துவிட்டு மட்டும் போகிறவன். இன்றைக்குத் தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 63 வயது. அரசு பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் கண்டக்டர், பாதி சர்வீஸ் கோவில்பட்டி–மதுரை ரூட்டில். ஐந்து மாதமாகக் குரல் கம்மியிருந்தது. "எத்தனை வருஷம் கத்தின தொண்டை, கம்மாம என்ன செய்யும்" என்று அவரே சொல்வார், நாங்களும் சிரிப்போம். அம்மா மிளகு, பனங்கற்கண்டு, சித்தரத்தை என்று கைக்கு வந்ததையெல்லாம் கொடுத்துப் பார்த்தாள். பீடியை மட்டும் அவர் விடவில்லை. போன மாதம் தண்ணீர் குடிக்கும்போது புரையேறி மூச்சு முட்டிவிட்டது. அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனோம். குழாய் விட்டுப் பார்த்தார்கள், பயாப்ஸி எடுத்தார்கள். குரல்வளையில் புற்றுநோய், மூன்றாம் நிலை.

ஆபரேஷன் இல்லாமல் குரல்பெட்டியைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். மதுரையில் 35 தடவை கரண்ட் (கதிர்வீச்சு), வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏழு வாரம். கூடவே வாரம் ஒரு கீமோ. அதற்கு முன்னால் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். நாலு பல்லைப் பிடுங்க வேண்டுமாம், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அது ஆறின பிறகு முகத்துக்கு மாஸ்க் எடுப்பார்களாம்.

இதில் அப்பாவுக்கு நாங்கள் சொல்லியிருப்பது ஒன்றே ஒன்றுதான்: "தொண்டையில சதை வளந்திருக்கு, கரண்ட் வெச்சா கரைஞ்சிரும்." ரிப்போர்ட் வந்த அன்றே சித்தப்பா எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கிவிட்டார். ஃபைல் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது. தங்கச்சி சொல்லிவிட வேண்டும் என்கிறாள். அம்மா அழுகிறாள். நான் நடுவில்.

இன்றைக்குச் சாயங்காலம் அப்பா கேட்டார், "தொண்டையில சதைக்கு எதுக்குடா பல்லப் புடுங்கணும்?" எனக்குப் பதில் வரவில்லை. போன் வந்த மாதிரி எழுந்து வெளியே போய்விட்டேன்.

இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சொல்லிக்கெட்டவன் | புதன், காலை 6:15

தம்பி, சொல்லாதீர்கள். பட்டவன் சொல்கிறேன்.

எங்கள் அப்பாவுக்கு இரைப்பையில். நாங்கள் அல்சர் என்று சொல்லி வைத்திருந்தோம். ஒரு நாள் வராண்டாவில் ஒரு சின்ன வயசு டாக்டர் கையில் ஃபைலோடு வந்து, அப்பாவைப் பார்த்தே "உங்களுக்கு கேன்சர், தெரியும்ல?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தவர்தான், அப்புறம் ஒழுங்காக ஒரு வாய் சாப்பிடவில்லை. நோய் கொன்றதா, வார்த்தை கொன்றதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். வைத்தியம் நடந்தால் சரி, பேரில் என்ன இருக்கிறது?

வார்டு_அக்கா | புதன், காலை 9:50

நான் கதிர்வீச்சு வார்டில் பதினான்கு வருஷமாக நர்ஸ். எந்த ஊர் என்று கேட்காதீர்கள்.

தம்பி எட்டயபுரத்தான், முதலில் அவசரமான ஒன்று. மூச்சு இழுக்கும்போது உங்கள் அப்பாவுக்கு விசில் மாதிரி சத்தம் வருகிறதா? படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குகிறாரா? அப்படி இருந்தால் வியாழக்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள், உடனே கூட்டிப் போங்கள். குரல்வளைக் கட்டி பெரிதானால் மூச்சுப்பாதையை அடைக்கும். இது விளையாட்டில்லை.

அப்புறம் பல் விஷயம். கரண்ட் பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும். அதற்கு அப்புறம் பல் சொத்தையாகிப் பிடுங்கினால் புண் ஆறாது, எலும்பே செத்துப்போகிற அளவுக்குப் போகலாம். அதனால்தான் ஆடுகிற பல், ஆழமாகச் சொத்தை விழுந்த பல் எல்லாவற்றையும் முன்னாலேயே எடுத்துவிடுகிறார்கள். பிடுங்கின இடம் ஆற பத்து முதல் பதினான்கு நாள் விடுவார்கள். அப்பாவிடம் இதை அப்படியே சொல்லலாம். எச்சில் சுரப்பது குறையும், பல் சீக்கிரம் கெடும், அதற்குத்தான் என்று.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர், நீங்கள் இல்லை. கையெழுத்தை விடுங்கள், அந்த மாஸ்க் என்ன என்று தெரியுமா? வலை மாதிரி ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் பலகை. வெந்நீரில் போட்டால் இளகும். முகத்தில் வைத்துத் தோள் வரைக்கும் இழுத்து அழுத்துவார்கள். வெதுவெதுப்பான ஈரத்துணி போட்ட மாதிரி இருக்கும், சில நிமிஷத்தில் இறுகிவிடும். அப்புறம் ஒவ்வொரு நாளும் அதை மாட்டி, மேஜையோடு சேர்த்துக் கிளிப் போட்டுப் பூட்டுவார்கள். அறையில் அவர் மட்டும்தான் இருப்பார். வலி கிடையாது, ஓட்டை வழியாக மூச்சு நன்றாக விடலாம், பத்துப் பதினைந்து நிமிஷத்தில் முடியும். ஆனால் அசையக் கூடாது. சாதாரண சதைக்கா இத்தனை பூட்டு என்று எந்த மனுஷனுக்கும் தோன்றும். மூன்றாவது வாரம் தொண்டை புண்ணாகி எச்சில் முழுங்கவே உயிர் போகும்போது, "சதைதானே, போதும் விடுங்கடா" என்று பாதியில் எழுந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதியில் நிறுத்துவது ஆரம்பிக்காமலே இருப்பதைப் போலத்தான். நாலு நாள் இடைவெளி விழுந்தாலும் பலன் குறையும்.

இன்னொன்று. பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். வீட்டார் வெளியே போன பிறகு எங்களிடம் கேட்பார்கள்.

இயற்கை_வழி | புதன், காலை 10:22

முள்சீத்தா இலைக் கஷாயம் 40 நாள் கொடுங்கள் நண்பரே. கீமோவைவிடப் பல மடங்கு வலிமையானது. கரண்டே தேவைப்படாது.

வார்டு_அக்கா | புதன், காலை 10:31

முள்சீத்தா மனிதர்களுக்குப் புற்றுநோயைக் குணப்படுத்தியதாக நிரூபணம் கிடையாது, வாட்ஸப்பில்தான் இருக்கிறது. அவருக்குக் கொடுக்கப்போகிற கீமோ பெரும்பாலும் சிஸ்பிளாட்டினாக இருக்கும், அது கிட்னியைப் பதம் பார்க்கும் மருந்து. ஒவ்வொரு தடவையும் கிரியேட்டினின் (கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவோம். அதற்கு மேல் என்ன கஷாயம் உள்ளே போகிறது என்று தெரியாமல் ரிப்போர்ட் ஏறி, கீமோ தள்ளிப்போன ஆட்கள் உண்டு. எதைக் கொடுத்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

சிலேட்டுக்காரன் | புதன், மதியம் 2:05

எனக்கும் இதே இடத்தில்தான். ஆனால் எனக்குக் கண்டுபிடித்தபோது முற்றிவிட்டது. குரல்பெட்டியையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் இருக்கிற துளை வழியாகத்தான் மூச்சு. அதனால் இந்தப் பெயர், முதல் ஒரு வருஷம் பேச்சு எல்லாம் பேரனின் சிலேட்டில்தான்.

என்னிடமும் சொல்லவில்லை. "சின்ன ஆபரேஷன்" என்றார்கள். கண் விழித்து மனைவியைக் கூப்பிட்டேன், காற்றுதான் வந்தது. குரல் போகப்போகிறது என்று முந்தின நாளே தெரிந்திருந்தால் பேரனைக் கூப்பிட்டு ஒரு கதையாவது சொல்லியிருப்பேன், போனில் பதிவு செய்து வைத்திருப்பார்கள். மனைவியைப் பேர் சொல்லி ஒரு தடவை கூப்பிட்டிருப்பேன், நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமே இல்லை. அவர்கள் எல்லோரும் பாசத்தில்தான் மறைத்தார்கள், எனக்குத் தெரியும். கோபம் போக மூன்று வருஷம் ஆயிற்று.

சொல்லிக்கெட்டவன் ஐயா, உங்கள் அப்பாவுக்கு அது வராண்டாவில், நின்றுகொண்டே, தெரியாத ஆள் வாயிலிருந்து வந்திருக்கிறது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல நான் யார். கேட்கத் தோன்றியது, அவ்வளவுதான்.

சொல்லிக்கெட்டவன் | புதன், மதியம் 2:40

உட்கார்ந்து சொல்லியிருந்தாலும் அவர் அப்படித்தான் ஆகியிருப்பார். எங்கள் அப்பாவை எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வேலை ஓடவில்லை ஐயா.

ஃபைல்தூக்கி | புதன், மாலை 4:30

சொல்வதா வேண்டாமா என்பதில் நான் வரவில்லை. காகிதம் பற்றி மட்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு, ஆனால் ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். பென்ஷன் வருகிற வீடு என்றால் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். கார்டு இருந்தால் சிகிச்சை தொடங்குமுன் ஆஸ்பத்திரியில் இருக்கிற காப்பீட்டு டெஸ்க்கில் அனுமதி வாங்க வேண்டும், பணம் கட்டிவிட்டு அப்புறம் கேட்டால் கதை கந்தல். கார்டு இல்லாவிட்டாலும் மதுரை பாலரெங்காபுரத்தில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள்.

ரயிலில் போனால் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் முழுக்க இலவசம், கூடப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. டாக்டர் ரயில்வே படிவத்தில் எழுதிச் சீல் வைத்துத் தர வேண்டும். அந்தப் படிவத்தில் நோயின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அதையும் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பயணம் செய்ய முடியாது தம்பி.

எல்லாவற்றையும் மூன்று செட் ஜெராக்ஸ். பயாப்ஸி பிளாக்கை, அதாவது எடுத்த சதையை மெழுகில் பதித்துத் தருகிற கட்டியை, தொலைத்துவிடாதீர்கள்.

பனங்காய் | புதன், இரவு 8:12

யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட அம்மாவுக்குக் கேன்சர் வருத்தம் வந்த காலத்தில தெல்லிப்பழையில கேன்சர் ஆஸ்பத்திரி இல்லை, கொழும்புப் பக்கம் மகரகமவுக்குத்தான் கொண்டு ஓடவேணும். பிறகுதான், 2011இல சனம் தெற்குக் கடைசி தேவேந்திரமுனையில இருந்து வடக்குக் கடைசி பருத்தித்துறை வரை நடந்து காசு சேர்த்து, இங்க கட்டினவை.

நான் சொல்ல வந்தது வேற. வீட்டில ஆராவது ஒருத்தரை டெலிபோனுக்கு எண்டு ஒதுக்கி விடுங்கோ. கனடா, லண்டன், கொழும்பு எண்டு ஒரு நாளைக்கு இருபது பேர். எல்லாருக்கும் முதலில இருந்து கதை சொல்லவேணும், எல்லாரும் ஒரு வைத்தியம் சொல்லுவினம். அம்மா பக்கத்து அறையில படுத்திருந்து அவ்வளவையும் கேட்டுக்கொண்டு இருந்தவ. நாங்கள் மறைச்சது எண்டு நினைச்சது முழுக்க அப்பிடித்தான் அவவுக்குப் போனது.

எட்டயபுரத்தான் | புதன், இரவு 11:58

எல்லோருக்கும் நன்றி. அக்கா, மூச்சில் சத்தம் இல்லை, நல்லா மல்லாந்து படுத்துத்தான் தூங்குகிறார். குறட்டைகூட இருக்கிறது.

சிலேட்டுக்காரன் ஐயா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "நாளைக்குப் பல்லு முடியட்டும்" என்றாள். சித்தப்பாவிடம் போனில் நான் பேசினேன். கத்தினார். "என்னமோ செய்ங்க" என்று வைத்துவிட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

எட்டயபுரத்தான் | வெள்ளி, காலை 7:30

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நாலு பல்லும் எடுத்தாயிற்று. வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச முடியாத ஆளிடம் சொல்வது எனக்கு வசதியாக இருக்கும் என்று ஒரு கோழைப் புத்தி எனக்கு. பஞ்சைத் துப்பட்டும் என்றாள் தங்கச்சி. அவர் திருப்பிக் கேட்க முடியாதபோது சொல்லக் கூடாது என்றாள். சரிதான்.

ராத்திரி கஞ்சி குடித்த பிறகு நான்தான் ஆரம்பித்தேன். "அப்பா, அந்தச் சதையைப் பத்தி" என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

அவர் மெதுவாக, அந்தக் காற்றுக் குரலில் சொன்னது: "முப்பத்தோரு வருஷம் போர்டு பாத்துத்தான்டா பொழச்சேன். அந்த ஆஸ்பத்திரி வாசல்ல எம்மாம்பெரிய போர்டு. எனக்கு வாசிக்கத் தெரியாதா?"

அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அவளைப் பார்த்துவிட்டு, "இவளுக்குத் தெரியாதுன்னு நெனச்சுல்ல நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது பெயர் மட்டும்தான். அவரோடு டிப்போவில் இருந்த ஒருவருக்குக் கழுத்தில் துளை போட்டிருந்தார்களாம். அதனால் பல்லைப் பிடுங்குவதே அந்த ஆபரேஷனுக்கு முன்னேற்பாடு என்று ஐந்து நாளாக மனசுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறார். மாஸ்க் என்றால் மயக்க மருந்து மாஸ்க் என்று நினைத்திருக்கிறார். குரலைக் காப்பாற்றத்தான் இத்தனை கரண்டு என்று டாக்டர் எங்களிடம் சொன்னதை நாங்கள் அவரிடம் சொல்லவே இல்லை. கெட்டதை மறைக்கிறோம் என்று நல்லதையும் சேர்த்து மறைத்திருக்கிறோம்.

பென்ஷன் புத்தகத்தையும் எல்ஐசி பத்திரத்தையும் எடுத்து ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தார். தங்கச்சிதான் பார்த்தாள்.

அரிசி டிரம்மிலிருந்து ஃபைலை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். பில்லை மட்டும் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். பீடிக் கட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அது எத்தனை நாளைக்கோ.

சிலேட்டுக்காரன் | வெள்ளி, காலை 8:10

துளை போட்டவர்களைப் பற்றிப் பயமாகச் சொல்லியிருப்பார்கள். நான் காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். அவருக்கு அது வராமல் இருக்கட்டும். வந்தாலும் ஆள் இருப்பார்.

வார்டு_அக்கா | வெள்ளி, மதியம் 1:20

நல்லது தம்பி. பீடி அப்படியே நிற்கட்டும். கரண்ட் வைக்கும்போது புகைத்தால் சிகிச்சையின் பலனே குறையும், புண்ணும் ஆறாது. முடியவில்லை என்றால் டாக்டரிடம் கேளுங்கள், நிகோடின் மாத்திரைக்கு வழி சொல்வார்கள். ஒளித்துக் குடித்தால் உங்களிடம் சொல்லிவிட்டுக் குடிக்கச் சொல்லுங்கள்.

இந்தப் பத்து நாளும் அவரைச் சாப்பிட வையுங்கள். எடை இறங்கினால் மாஸ்க் தொளதொளத்துப்போகும், மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். முட்டை, பருப்பு, உளுந்தங்களி, மீன், அவருக்குப் பிடித்தது எதுவானாலும். கடைசி வாரங்களில் நாக்கில் ருசியே இருக்காது, அதனால் இப்போது ஆசைப்பட்டதைக் கொடுங்கள். முழுங்கவே முடியாமல் போனால் மூக்கு வழியாகவோ வயிற்றிலோ குழாய் வைப்பார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் "இனி அவ்வளவுதான்" என்று நினைத்துக்கொள்வார். குழாய் வைத்தாலும் தினமும் ஒரு மடக்குத் தண்ணீராவது முழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் தொண்டைக்கு முழுங்குவதே மறந்துவிடும்.

கழுத்தில் சோப்பு, பவுடர், சந்தனம், விபூதி எதுவும் வேண்டாம். காலர் இல்லாத பழைய காட்டன் சட்டை. உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீரில் வாய் கொப்பளிக்கப் பழக்குங்கள். கீமோ ஏறின பிறகு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், ராத்திரி எத்தனை மணியானாலும் ஆஸ்பத்திரிதான். காதில் இரைச்சல் கேட்டால் அதையும் சொல்லுங்கள், சிஸ்பிளாட்டின் காதைத் தொடும்.

தினமும் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து போய்வர நினைக்காதீர்கள். முதல் இரண்டு வாரம் தெம்பாகத்தான் இருக்கும். அப்புறம் முடியாது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு ரூம் பாருங்கள்.

பனங்காய் | வெள்ளி, இரவு 9:05

அம்மாவையும் பாருங்கோ. ஆஸ்பத்திரிக் கன்டீனில அவவுக்குச் சாப்பாடு வாங்கிக் குடுக்க ஒருத்தர் வேணும். எங்கட வீட்டில வருத்தக்காரியைப் பாத்துக்கொண்டே அக்கா எட்டுக் கிலோ இறங்கினவ, ஒருத்தரும் கவனிக்கேல்லை.

எட்டயபுரத்தான் | பத்து நாள் கழித்து, திங்கள், இரவு 10:15

ரூம் விஷயத்தில் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கம் பஸ் டைம் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். எதில் ஏறினால் இடம் கிடைக்கும், எந்த டிரைவர் மெதுவாகப் போவார் என்பதுவரைக்கும். அக்கா சொன்னதைச் சொல்லி, கடைசியில் முதல் வாரம் மட்டும் பஸ், அப்புறம் ரூம் என்று முடிவாயிற்று. சித்தப்பா வந்து ஒரு நாள் முழுக்க ரூம் தேடினார். சத்தியத்தைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

இன்றைக்கு மாஸ்க். அக்கா சொன்னபடியே வெந்நீர், வலை, எல்லாம். நான் ஒவ்வொன்றாகச் சொல்லி வைத்திருந்ததால் உள்ளே போகும்போது அவரே டெக்னீஷியனிடம், "கிளிப்பு எத்தன?" என்று கேட்டார். எடுத்து முடிக்கும்வரை நான் கதவோரம் நின்றேன். மாஸ்க் இறுகின பிறகு ஸ்கேன் எடுக்கப் போகிறோம், வசதியாக இருக்கிறதா, ஆரம்பிக்கலாமா என்று டெக்னீஷியன் கேட்டார். வாயைத் திறக்க முடியாது. அப்பா கையால் மேஜை ஓரத்தில் டக் டக் என்று இரண்டு தட்டுத் தட்டினார்.

அந்தப் பையனுக்குப் புரியவில்லை. ஏதாவது பிரச்சினையோ என்று கிளிப்பைக் கழற்றக் குனிந்தான். நான்தான் சொன்னேன், "ஒரு தட்டுன்னா நிறுத்துங்க, ரெண்டு தட்டுன்னா போலாம்."

வார்டு_அக்கா | திங்கள், இரவு 10:40

அதை ஒரு தாளில் எழுதி ஃபைலின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள் தம்பி. டெக்னீஷியன்கள் ஷிப்ட்டுக்கு ஷிப்ட் மாறுவார்கள்.